ஆவி பறந்த ஏரியில் தனியாக இறங்கினேன்

2024 பொங்கல் லீவில், மூணாறுக்கு அருகே சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஏரியில் நீந்தப் போய்ச் சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தேன். இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் வெட்கம்தான். நாற்பது வயதுப் பொம்பளை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல் ஏரியில் இறங்கினாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். ஆனால் போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் இளம் டீச்சர் ஒருத்தி, "மூணாறு போறோம்க்கா, அங்க ஏதாவது ஏரியில நீந்தலாமா?" என்று கேட்டாள். அன்று அவளிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்னாடியே இதைச் சொல்லியிருந்தால் அந்தக் காலை எனக்கு வந்திருக்காது.

எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது தாத்தா. போடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, படியிலிருந்து தள்ளி விடுவார். ஒன்பது வயதில் குடுக்கை இல்லாமல் கிணற்றைச் சுற்றி வந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் பதினான்கு வருஷம் தண்ணீரில் இறங்கவே இல்லை. பிறகு தேனியில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய நேரத்தில் போக ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் நிற்காமல் ஒரு கிலோமீட்டர் நீந்தும் அளவுக்கு வந்துவிட்டேன். 25 மீட்டர் குளத்தில் 40 தடவை. அந்தக் கணக்குதான் என்னை ஏமாற்றியது. குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு முறை சுவர் வரும், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம், கீழே தரை தெரியும், தண்ணீர் 28 டிகிரி இருக்கும். இந்த நான்கும் இல்லாத இடத்தில் நான் எவ்வளவு தூரம் நீந்துவேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

சித்தி வீடு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். போடிமெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டி, கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். வீட்டுக்குக் கீழே இரண்டு மேடு இறங்கினால் அந்த ஏரி. எஸ்டேட்காரர்கள் எப்போதோ ஓடையை மறித்துக் கட்டியது. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் காடு. பகலில் பார்த்தால் மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து ஏங்கிய ஏரி. பகலில் இறங்க முடியாது. கொழுந்து எடுக்கிறவர்கள், ஜீப்பில் வரும் டூரிஸ்டுகள், போனைத் தூக்கிப் பிடிக்கும் பையன்கள். முழங்கால் வரை, முழங்கை வரை மூடிய நீச்சல் உடைதான் என்னுடையது, ஆனாலும் பார்ப்பார்கள். அதனால்தான் விடியும் முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகத் தேர்ந்தெடுத்தேன். "வாக்கிங் போய்ட்டு வரேன் சித்தி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நம்மில் நிறையப் பெண்கள் இப்படித்தான் செய்கிறோம், ஆற்றிலும் சரி, கம்மாயிலும் சரி. யாரும் பார்க்கக் கூடாது என்று ஒதுங்குகிறோம். மூழ்கினாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதை நினைப்பதே இல்லை. எஸ்டேட் ஆபீஸில் அனுமதி கேட்டிருந்தால் யாரோ ஒருவருக்காவது நான் அங்கே இருப்பது தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

மணி 6:20 இருக்கும். சூரியன் வரவில்லை, வெளிச்சம் மட்டும் வந்திருந்தது. ஏரி முழுக்க வெள்ளையாக ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாத்தா கிணறு ஞாபகம் வந்துவிட்டது. மார்கழிக் காலையில் கிணற்றில் ஆவி பறக்கும், இறங்கினால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழத்தில் மண்ணின் சூடு வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாததால் கிணற்று நீர் அப்படி. இந்த ஏரியும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். மலை மேல் ஏரியில் ஆவி பறப்பதற்கு ஒரே அர்த்தம், தண்ணீரை விடக் காற்று இன்னும் குளிர்ந்து கிடக்கிறது என்பதுதான். தண்ணீர் சூடாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மூணாறு பக்கம் ஜனவரியில் சில ராத்திரிகளில் புல்லின் மேல் உறைபனி விழும். அதற்கு அடுத்த வருஷம் அதே மாதம், அதே நேரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். பதினைந்தரை டிகிரி. கையை விட்டுப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கை தாங்கும், நெஞ்சு தாங்காது.

கட்டுக் கல்லின் மேல் ஏறி நின்று குதித்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். தண்ணீர் தலைக்கு மேல் மூடிய அந்த நொடியில், என்னைக் கேட்காமலே என் வாய் திறந்து மூச்சை உள்ளே இழுத்தது. உள்ளே போனது காற்று இல்லை. மேலே வந்து இருமினேன், இரும முடியவில்லை, மூச்சு வெடுக் வெடுக்கென்று தானாக ஓடியது. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுவது மாதிரி அடித்தது. தோல் திடீரென்று குளிர்ந்தால் உடம்பு தானாகச் செய்யும் வேலை இது. நீச்சல் எவ்வளவு தெரிந்தாலும் தடுக்க முடியாது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரேயடியாக ஏறும், அதனால் பிரஷர், இருதயக் கோளாறு இருப்பவர்கள் குளிர்ந்த நீர்ப் பக்கமே போகக் கூடாது. இந்தக் கட்டம் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, நீந்த முயலாமல் மிதப்பது. அதை விடவும் நல்லது, குதிக்காமல் கரையோரமாக இறங்கி, இடுப்பு வரை நின்று, முகத்திலும் பிடரியிலும் தண்ணீரைத் தெளித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு, அது சீரானபின் நெஞ்சை நனைப்பது.

எனக்கு இரண்டு நிமிடத்தில் மூச்சு சமமானது. குளிர் கூடப் போய்விட்ட மாதிரி இருந்தது. அப்பவே ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அந்தப் பக்கத்துக் கிராண்டிஸ் மரம் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பிவிட்டேன். பார்க்க ஐம்பது அறுபது மீட்டர் மாதிரிதான் தெரிந்தது. மலைக் காற்று துலக்கமாக இருப்பதால் தூரத்துப் பொருள் கிட்டத்தில் தெரியும், நடுவில் அளவு சொல்ல ஒரு வீடோ போஸ்டோ கிடையாது. பிற்பாடு கரையோரம் நடந்து கணக்குப் போட்டதில் 150 மீட்டருக்கு மேல். போகப் போக மரம் நகராமல் அங்கேயே நின்றது.

பாதி தூரத்தில் கை விரல்கள் விரிந்துகொண்டன. சேர்த்து வைக்க நினைக்கிறேன், சேரவில்லை. குளத்தில் ஒரு வீச்சுக்கு எவ்வளவு நகர்வேனோ அதில் பாதி கூட இல்லை. கால் கீழே இறங்கியது, உடம்பு செங்குத்தாக ஆகத் தொடங்கியது. களைப்பு என்று நினைத்தேன், ஆனால் மூச்சு வாங்கவில்லை. கை காலில் இருக்கும் சதையும் நரம்பும் குளிர்ந்து வேலை நிறுத்திவிட்டிருந்தன. நீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும் என்று அப்புறம் படித்தேன். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பவர் 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்கிறார். ஒரு நிமிடம் மூச்சை அடக்க, பத்து நிமிடம் கை கால் பயன்பட, ஒரு மணி நேரம் நினைவு தப்ப. அது பனிக்கட்டி மாதிரியான நீருக்கு. நம் மலை ஏரிகளில் நேரம் இன்னும் கொஞ்சம் நீளும், ஆனால் வரிசை அதேதான். உடம்பு விறைத்துப் போய் மயங்குவதற்கு ரொம்ப முன்னாடியே கை ஓய்ந்து மூழ்கிவிடுகிறோம். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இடது கை மோதிர விரலில் ஏதோ நழுவுவது மாதிரி இருந்தது. நிச்சயதார்த்த மோதிரம், அரைப் பவுன். குளிரில் விரல் சுருங்கி, வீட்டில் சோப்புப் போட்டாலும் கழலாத மோதிரம் தானாகக் கழன்று போனது. ஒரு கணம் அதைப் பிடிக்கக் கீழே கை நீட்டினேன். அந்த ஒரு கணத்தில் முகம் உள்ளே போய் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். நகையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். போனது போகட்டும் என்று அங்கே தண்ணீருக்குள் மனசு வராது.

அடுத்து வலது கெண்டைக்கால் பிடித்தது. கல் மாதிரி இறுகிவிட்டது. கத்தினேன். சத்தம் என்று வந்தது எனக்கே கேட்கவில்லை. மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கூப்பிடுவார்கள் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம், அப்படி நடக்காது. மூச்சுக்கே காற்று போதாதபோது கத்த எங்கே இருக்கும்? பிள்ளைகள் முகம் வந்தது. சின்னவனுக்கு அன்றைக்கு மாலை பூங்கா கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில், எப்படி என்று தெரியவில்லை, தாத்தா குரல் கேட்டது. "மல்லாக்கப் படு. தலையத் தூக்குனா காலு அமுங்கும். காது நனையட்டும்." கிணற்றில் நூறு தடவை சொன்ன வார்த்தை. தலையைப் பின்னால் சாய்த்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் உலகம் அமைதியாகிவிட்டது, என் இதயம் அடிப்பது மட்டும் கேட்டது. தாடையை வானத்துக்குத் தூக்கி, கையை அகல விரித்து, உள்ளங்கையை மெல்ல அலைத்தபடி கிடந்தேன். கால் முன்விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி, குதிகாலைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் கெண்டை இளகியது. இன்றைக்கும் யார் என்னிடம் நீச்சல் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். நாலு விதமாக நீந்தத் தெரிந்து, மிதக்கத் தெரியாவிட்டால் ஏரியில் பிரயோஜனம் இல்லை.

மல்லாந்தபடியே காலை மட்டும் ஆட்டி, கிராண்டிஸ் மரத்தையும் விட்டு, குதித்த இடத்தையும் விட்டு, எது பக்கமோ அந்தக் கரைக்குப் போனேன். ஓடை வந்து சேரும் மூலை அது. அங்கே தண்ணீர் இன்னும் குளிர், அடியில் சேறு. நிற்கலாம் என்று காலை ஊன்றியதும் முழங்கால் வரை உள்ளே போனது. இழுக்க இழுக்க மற்ற காலும் போகிறது. கடைசியில் குப்புறப் படுத்து, கோரையைப் பிடித்து, பல்லி மாதிரி ஊர்ந்துதான் கரை ஏறினேன். தடுத்துக் கட்டிய ஏரிகளில் எல்லாம் ஓடை வாயில் வண்டல் சேரும். மதகும் பம்ப்ஹவுஸ் குழாயும் இருக்கும் பக்கம் வேறு விதமான ஆபத்து, நீரை இழுக்கும். ஏறுகிற இடத்தை இறங்குவதற்கு முன்னாடியே நடந்து போய்ப் பார்த்து வையுங்கள்.

கரை ஏறினால் பிழைத்தோம் என்று நினைத்தேன். என் துணி, சால்வை, செருப்பு, போன் எல்லாம் எதிர்க் கரையில். ஈர உடையோடு, மலைக் காற்றில், வெறுங்காலோடு தேயிலைக்குள் இருபது இருபத்தைந்து நிமிடம் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பையின் ஜிப்பைத் திறக்க விரல் வரவில்லை. பல்லால் இழுத்தேன், அதுவும் முடியவில்லை. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா, 55 வயது இருக்கும், கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தார். "யாரு வீட்டுப் பிள்ளம்மா நீ? இந்தப் பனியில எதுக்குத் தாயி தண்ணியில எறங்குன?" என்று கேட்டுக்கொண்டே தன் கம்பளியைக் கழற்றினார். என் ஈர உடையைக் கத்தரிப்பது போல உரித்து எடுத்து, கம்பளியைச் சுற்றி, தலையில் தன் துண்டைக் கட்டி, இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை எனக்குக் கீழே விரித்தார். பிளாஸ்க்கிலிருந்து கட்டன் சாயாவை மூடியில் ஊற்றி என் வாயில் அவரே பிடித்தார். ஒரு டாக்டர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும், அதே வரிசையில், அவர் செய்தார். அன்று அவருக்கு அரை நாள் பேர், அதாவது அரை நாள் கூலி, போயிருக்கும். பிறகு பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தி பதறிப்போய் அண்டாவில் வெந்நீர் வைத்துத் தலையோடு ஊற்றினார். பாசத்தில் செய்தது, ஆனால் அதுதான் தப்பு. கரை ஏறிய பிறகும் பத்து முதல் முப்பது நிமிடம் வரை உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், கை காலில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புவதால். அந்த நேரத்தில் வெந்நீர் ஊற்றினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் சட்டென்று இறங்கும். குளியலறையில் கண் இருண்டு விழுந்தேன். நெற்றியில் மூன்று தையல். ஈரத்தைக் கழற்றுங்கள், துடையுங்கள், மேலிருந்து கீழாக உலர்ந்த துணி போடுங்கள், தலைக்குக் குல்லாய், கையில் இனிப்பான சூடான ஒன்று, உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். நடுக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், உடம்பு சூடு உண்டாக்குகிறது. பேச்சு குழறினாலோ, நடுக்கம் நின்று தூக்கம் சொக்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. வெந்நீர்க் குளியலையும் சாராயத்தையும் பக்கத்தில் கூட விடாதீர்கள்.

ஜீப் பிடித்து ஆஸ்பத்திரி போனோம், 2,500 ரூபாய். தண்ணீர் குடித்து இருமியவர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் கூடலாம் என்று சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை தெம்பாக இருந்ததால் நானே கெஞ்சி டிஸ்சார்ஜ் வாங்கினேன், 21 மணி நேரத்தில். பில் 27,400. இன்சூரன்ஸில் போட்டால், 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் வரும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாலிசியில் அப்படித்தான் எழுதியிருந்தது, நான் படித்ததில்லை. போடி வந்த பிறகு மருந்து, மறு எக்ஸ்ரே 3,100. மோதிரம் அன்றைய விலைக்கு 23,000. ஆக மொத்தம் 56,000 ரூபாய், ஆறு நாள் சம்பளப் பிடித்தம் தனி. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் மூன்று மாதம் நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பணத்தை விட அதுதான் எனக்கு வலித்தது.

எஸ்டேட் வாட்சர் அண்ணன் பிறகு ஒன்று சொன்னார். நான் ஊர்ந்து ஏறிய அந்தக் கோரை மூலையில் இரண்டு நாள் முன்னாடி சாயங்காலம் யானை நின்றிருக்கிறது. பக்கத்து அணைக்குப் பேரே ஆனயிறங்கல், ஆனை இறங்குகிற இடம். சின்னக்கானல் யானைகள் அந்த நீர்த்தேக்கத்தை நீந்திக் கடப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையும் அந்திப் பொழுதும் அதுகளின் நேரம். உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ஆனயிறங்கல், மாட்டுப்பட்டி, குண்டளை எல்லாம் மின்சாரத்துக்கான அணைகள். படகு விடும் இடத்தில் படகில் போய்ப் பாருங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், அங்கே நீந்த ஆசைப்படாதீர்கள். இன்னொன்று, கேரளத்தில் அமீபா மூளைக் காய்ச்சல் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அது வெதுவெதுப்பான தேங்கிய நீரில், மூக்கு வழியாக ஏறுவது. கீழ்நாட்டுக் குளங்களில் மூக்குக் கிளிப் இல்லாமல் தலையை முக்காதீர்கள். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

நீந்துவதை விட்டுவிட்டாயா என்று கேட்கிறார்கள். விடவில்லை. ஒரு வருஷம் கழித்து, எஸ்டேட் ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, அதே ஏரியில் இறங்கினேன். ஏப்ரல் மாதம், பகல் 11 மணி, வெயில், தண்ணீர் 21 டிகிரி. இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு மிதவை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். லைஃப் ஜாக்கெட்டுக்கு அது ஈடாகாது, ஆனால் கெண்டை பிடித்தால் அணைத்துக்கொள்ளலாம், கரையிலிருந்து நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். 18 டிகிரிக்குக் கீழே போனால் பத்து நிமிடம்தான், அதுவும் நிற்கும் ஆழத்தில். ஏரியைக் குறுக்கே கடப்பதில்லை, கரையை ஒட்டியே போகிறேன். சுவிட்சர்லாந்தில் எத்தனையோ மலை ஏரிகள், அங்கத்திய உயிர்காப்புச் சங்கம் மக்களுக்கு ஆறு குளியல் விதிகள் எழுதி வைத்திருக்கிறது. நீண்ட தூரத்தைத் தனியாக நீந்தாதே என்பது அதில் ஒன்று. பிறந்ததிலிருந்து ஏரியில் கிடக்கிறவர்களுக்கே அந்த விதி.

யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். இப்போது மூன்று பெண்களாகப் போகிறோம். இரண்டு பேர் தண்ணீரில், ஒருத்தர் கரையில். கரையில் இருப்பது பெரும்பாலும் சித்திதான். நீச்சல் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை, யார் மூழ்கினாலும் உள்ளே குதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். பக்கத்தில் 30 மீட்டர் நைலான் கயிறு, அதன் நுனியில் கால்வாசி தண்ணீர் ஊற்றி மூடிய 5 லிட்டர் கேன். வீசினால் நேராகப் போய் விழும், பிடித்தால் மிதக்கும். வீட்டு முற்றத்தில் ஒரு வாரம் வீசிப் பழகினார். போனில் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று முன்னாடியே பார்த்து அங்கேதான் உட்காருவார். 112 அடித்தால் நம் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் கிடைக்கிற வேறு நெட்வொர்க்கில் போகும், ஆம்புலன்சுக்கு 108. மடியில் வாட்ச், பக்கத்தில் உலர்ந்த துணியும் ஜிப் இல்லாத பையும். பத்து நிமிடம் ஆனதும் எழுந்து நின்று துண்டை ஆட்டுவார். "போதும், ஏறுங்கடி" என்று அவர் போடும் சத்தம் கிராண்டிஸ் காட்டில் பட்டுத் திரும்பி வரும். அதற்கப்புறம் ஒரு வீச்சு கூட வீசாமல் ஏறிவிடுகிறோம்.